கோட்டுக்குள் ஒரு கச்சேரி

பழைய ராக் பாட்டு சேகரிக்கிற கூட்டம் ஒரு தனி ரகம். கடையில் கிடைக்கிற தெளிவான இசைத்தட்டை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். கூட்டத்தில் நின்று எவனோ திருட்டுத்தனமாகப் பதிந்தது என்றால் போதும், இரைச்சலும் இருமலுமாக இருந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

அந்தக் கிறுக்கர்களை நம்பித்தான் மைக்செட்காரரின் அடுப்பு எரிந்தது. விழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது ஊரறிந்த தொழில். வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் உட்கார்ந்து 'ரசிகர் பதிவு' தயாரிப்பது மனைவி மட்டும் அறிந்த தொழில்.

இந்தத் தடவை பெரிய சமாச்சாரம். எழுபதைத் தாண்டியும் லெதர் பேண்ட்டை விடாத நாலு கிழவர்களின் ராக் குழு, போன வருடம் வெளிநாட்டில் நடத்திய கச்சேரி. வாசலிலேயே எல்லோருடைய செல்போனையும் வாங்கி உறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். அதனால் அந்தக் கச்சேரிக்கு உலகத்தில் ஒரு பதிவுகூடக் கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க அசலே இல்லாத போலியைவிட வசதியான சரக்கு வேறென்ன இருக்கிறது?

அதே குழுவின் வேறொரு கச்சேரி இசைத்தட்டை ஷெட்டில் அலற விட்டார். குட்டி ரெக்கார்டரைக் கம்பளிக் கோட்டின் உள்பைக்குள் போட்டு, அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க ஸ்பீக்கர் முன்னால் நின்று பதிந்தார். விளையாட்டு மைதானத்தில் பிடித்து வந்த கூச்சலோடு தன் கூச்சலையும் ஊடே சேர்த்தார். பத்திரிகையில் வந்திருந்த பாட்டு வரிசைப்படி வெட்டி ஒட்டினார்.

"நாலு கிழவனுங்க கத்தறதைக் காசு கொடுத்துக் கேக்கறதே பைத்தியக்காரத்தனம். இதுல நீங்க வேற கூடக் கத்தி, அதையும் சேர்த்து விக்கறீங்க," என்றாள் மனைவி.

"வாங்கறவனுக்கு மூளை இருந்தா நான் ஏன்டி இந்த வேலை பார்க்கப்போறேன்?"

சேகரிப்பாளர் குழுவில் தகவல் போட்ட மறுவாரமே, தங்க ஃபிரேம் கண்ணாடி போட்ட ஒருவர் சொந்த ஹெட்போனோடு வீட்டுக்கு வந்துவிட்டார். இதுவரை வாங்கியவர்கள் எல்லாம் தபாலில் வாங்கியவர்கள். எதிரே உட்கார்ந்து கேட்க வந்தவர் இவர்தான் முதல் ஆள். போலி என்று இவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், இதுவரை விற்றது மொத்தமும் நாறிவிடும். கம்பி எண்ண வேண்டியதுதான்.

கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"மூணாவது பாட்டு நடுவுல ஜனங்க கத்தறாங்களே, ஏன்?"

"பாடகர் கால் தடுக்கி விழப்பார்த்தார் சார். என் கண்ணு முன்னாடி." அதுவும் பத்திரிகையில் படித்ததுதான்.

"எங்க நின்னீங்க?"

"மேடைக்கு இடது பக்கம், முன்வரிசை. கிதார்காரரோட வேர்வை என்மேலேயே தெறிச்சுது."

"நீங்க போனதுக்கு அத்தாட்சி?"

மைக்செட்காரர் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் எடுத்து வைத்தார். முத்திரை நிஜம், கச்சேரி நடந்த ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனபோது குத்தியது. கச்சேரி அன்று அவர் தங்கையின் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். டிக்கெட், மறுநாள் அரங்கத்து வாசலில் பொறுக்கியது.

கண்ணாடிக்காரர் ஹெட்போனைக் கழற்றினார். "ரெக்கார்டரை உள்ளே கொண்டுபோனது இருக்கட்டும். திரும்பி வரும்போதும் முன்வாசல்ல சோதனை போட்டாங்களாமே. எப்படித் தப்பிச்சீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் தயாரித்து வைத்திருக்கவில்லை. ஆனாலும் மைக்செட்காரர் அசரவில்லை.

"முன்வாசல் பக்கமே போகல சார். கடைசிப் பாட்டு முடியறதுக்குள்ள மேடைக்குப் பின்னாடி நழுவிட்டேன். சாமான் ஏத்தற கதவு திறந்தே கிடந்துது. மைக்செட் தொழில்ல இருக்கறவனுக்கு இதெல்லாம் சொல்லித் தரணுமா? தூக்கறவங்களோட தூக்கறவனா நானும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கிட்டு வெளியே வந்துட்டேன். ஒருத்தன்கூட ஏன்னு கேக்கல."

"என்ன பெட்டி?"

"நீளமா, கறுப்பா... கிதார் பெட்டிதான் சார்."

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி, புருஷன் புளுகுகிற வேகத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அசல்தான். சந்தேகமே இல்ல," என்றார் கண்ணாடிக்காரர்.

மைக்செட்காரருக்கு உச்சி குளிர்ந்தது. இவ்வளவு பெரிய கண்ணாடி போட்டும் இவனுக்குக் கண் தெரியவில்லையே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் பைக்குள் கையை விட்டு, எடுத்ததை மேசைமேல் வைத்தார். அது போலீஸ் அடையாள அட்டை.

"அன்னிக்கு அந்தக் கிதார்காரரோட கிதாரைப் பெட்டியோட எவனோ பின்கதவு வழியா தூக்கிட்டுப் போயிட்டான். விலைமதிப்பில்லாத கிதார். அந்த நாட்டுப் போலீஸ் ஒரு வருஷமா தேடுது, எங்களுக்கும் தகவல் அனுப்பியிருக்கு. எங்க வெச்சிருக்கீங்க?"

மைக்செட்காரர் எழுந்து இரண்டு கையையும் கூப்பினார்.

"சார், நான் அங்க போகவே இல்ல. இது மொத்தமும் போலி. ஷெட்டுல நின்னு நானே பதிஞ்சது. இப்பவே வேணும்னாலும் பதிஞ்சு காட்டறேன்."

"ஆமா சார்," என்று மனைவி ஓடி வந்தாள். "இவர் விக்கறது எல்லாமே பித்தலாட்டம் சார். என் தாலிமேல சத்தியம். இவரை நம்பாதீங்க."

கண்ணாடிக்காரர் சிரித்துக்கொண்டே விலங்கை மாட்டினார்.

"யாருக்குக் காது குத்தறீங்க? சின்ன வயசுலேருந்து இவங்க பாட்டைத்தான் கேட்டுட்டிருக்கேன். எது அசல், எது போலின்னு எனக்குத் தெரியாதா?"