புகைபோக்கிப் பக்கம்

“கதவைத் திறக்காதே, ஸ்மராந்தா! அவன்தான். அந்தக் கைத்தடிச் சத்தம் எனக்குத் தெரியும்.”

சமையலறையில் சீஸ் போளி சுட்டுக்கொண்டிருந்த ஸ்மராந்தா அடுப்பைத் தணித்துவிட்டு வந்தாள்.

“நாளைக்குத் தவக்கால நோன்பு ஆரம்பம். இன்னைக்கு மன்னிப்புக் கேட்டு வர்றவங்களை யாராவது வாசலோட அனுப்புவாங்களா? ஊரே வீடு வீடாப் போய் மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கு.”

“கேட்கட்டும்,” என்றார் அவள் கணவர் லிவியு. “இவன் வருஷா வருஷம் வர்றான், வருஷா வருஷம் திரும்பிப் போறான். இந்த வருஷம் மட்டும் என்ன புதுசா?”

“இந்த வருஷம் லிஃப்ட் ஓடலை. அவர் நாலு மாடி ஏறி வந்திருக்கார். நீங்க ஏறுவீங்களா?”

லிவியுவால் முடியாது. இரண்டு முழங்கால்களையும் கோல் கம்பத்தடியிலேயே விட்டுவிட்டு வந்த மனுஷன் அவர்.

ஒரு காலத்தில் ருமேனிய தேசிய கால்பந்து அணிக்குப் போக வேண்டிய கோல்கீப்பர். ஒரே ஒரு பெனால்டி எல்லாவற்றையும் கெடுத்தது. சீசனின் கடைசி ஆட்டம். எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டால் முதல் டிவிஷனில் தங்கும், இல்லாவிட்டால் கீழே இறங்கும். எதிரணியின் ஹொரியா அடித்த பந்து ஒரு பக்கம் போக, லிவியு மறுபக்கம் பாய்ந்தார். காசு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டான் என்றது ஊர். தேசிய அணி கனவாகவே போயிற்று. மிச்ச உழைப்பெல்லாம் டிராம் பணிமனையில்.

இன்றைக்கும் சந்தையில் முட்டைக்கோஸ் விற்கிறவன், “என்ன லிவியு, கதவைத் திறந்து போட்டுட்டு வந்துட்டியா?” என்று கேட்டுவிட்டுத்தான் தராசை எடுக்கிறான். எழுபது வயதில் ஒரு மனிதர் இதையும் கேட்டுக்கொண்டு முட்டைக்கோஸ் வாங்க வேண்டுமென்றால், அது என்ன நியாயமோ தெரியவில்லை.

ஸ்மராந்தா கதவைத் திறந்துவிட்டாள்.

ஹொரியா சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“லிவியு, என்னை மன்னிச்சிடு.”

“கடவுள் மன்னிக்கட்டும்,” என்று வழக்கமான பதிலைச் சொன்னார் லிவியு. அதோடு நிறுத்தியிருந்தால் சம்பிரதாயம் முடிந்திருக்கும். “அவருக்குப் பெரிய மனசு. நான் மன்னிக்க மாட்டேன்.”

“நீங்க சும்மா இருங்க. அண்ணே, உள்ள வந்து உட்காருங்க,” என்று ஸ்மராந்தா நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிளம் சாராயத்தை இரண்டு கிளாஸில் ஊற்றி வைத்தாள்.

“அடுத்த வருஷம் வருவேனான்னு டாக்டரே வாயைத் திறக்க மாட்டேங்கிறார்,” என்றார் ஹொரியா. “அதான் ஏறி வந்துட்டேன். மன்னிப்பு மட்டும் இல்ல, உன்னை ஒண்ணு கேட்கணும்.”

“நீ என்னைக் கேட்கப் போறியா? நல்லா இருக்கே! முதல்ல நான் சொல்றதைக் கேளு. ஸ்மராந்தா, நீயும் கேளு. இத்தனை வருஷத்துல நீ ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்லை.”

“கேட்டா எங்கே பொய் சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு.”

லிவியு அவள் பக்கம் திரும்பினார்.

“பேரம் நடந்தது உண்மை. காசை நான் தொடலை. ரெண்டு கிளப் பெரியவங்களும் பேசி முடிச்சுட்டாங்க. ‘பெனால்டி கிடைக்கும், ஹொரியா மைதானத்துக் கடிகாரப் பக்கம் அடிப்பான், நீ எதிர்ப்பக்கம், சிமெண்ட் ஆலை புகைபோக்கிப் பக்கம் விழுந்துடு’ன்னாங்க. தலையை ஆட்டினேன். அந்தக் காலத்துல ஆட்டாம இருக்க முடியுமா?”

“ஐயோ,” என்றாள் ஸ்மராந்தா.

“ஆனா கோல்ல போய் நின்னா, வலைக்குப் பின்னாடி நம்ம ஜனம் மழையில நனைஞ்சுக்கிட்டு என் பேரைச் சொல்லிக் கத்துது. என்னால முடியலை. போங்கடா நீங்களும் உங்க பேரமும்னு கடிகாரப் பக்கமே பாய்ஞ்சேன். பிடிச்சிருப்பேன், ஸ்மராந்தா! இவன் கடைசி நொடியில என் கண்ணைப் பார்த்துப் புரிஞ்சுக்கிட்டு, புகைபோக்கிப் பக்கம் அடிச்சுட்டான். யோக்கியனா இருக்கப் பார்த்த ஒரே தடவை, அதையும் ஏமாத்திட்டான். பேரம் பேசின பெரியவங்களே முன்னாடி நின்னு, விலைபோனவன்னு சொல்லி என்னைத் துரத்தினாங்க. இதை யார்கிட்ட சொல்றது? யார் நம்புவாங்க?”

“நான் நம்புறேன்,” என்றாள் ஸ்மராந்தா. அவர் தோளில் கை வைத்தாள். அப்புறம் எடுக்கவேயில்லை. லிவியுவுக்கும் அழுகை வந்தது. மறைக்க முயன்று தோற்றார்.

ஹொரியா கிளாஸைத் தொடவில்லை. முகம் வெளுத்திருந்தது.

“நீ கடிகாரப் பக்கம் பாய்ஞ்சது... பந்தைப் பிடிக்கவா?”

“பின்னே, மணி பார்க்கவா?”

“எங்க ஊர்ல என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு சுத்தினாங்க. நான் அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை. உன் கண்ணையெல்லாம் நான் பார்க்கலை, லிவியு. தலையைத் தூக்காமதான் ஓடி வந்தேன். பிச்சையா ஒரு கோலை வாங்கிக்க அவ்வளவு அவமானமா இருந்துச்சு.”

ஹொரியா கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு லிவியுவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நீ புகைபோக்கிப் பக்கம் விழுவேன்னு எனக்கும் சொல்லியிருந்தாங்க. அதனால பந்து உன் கையிலேயே வந்து விழட்டும்னுதான் அங்க அடிச்சேன். நீ ஏன்டா அங்க இல்ல?”