பெஞ்சில் இருந்த முழங்கால்

"ரொம்ப வலிக்குதாடி தங்கம்?" என்று அம்மா கேட்டது களத்தில் ஆடிக்கொண்டிருந்த தாரிகாவை.

பெஞ்சில் இருந்த நறுமுகைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்கமாம்! பெற்ற மகளை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

தேனி மாவட்டப் பெண்கள் கபடி அணிக்கு அம்மாதான் கோச். களத்தில் ஆடும் ஏழு பேரின் வலியும் கோச்சின் கைவளையம் வழியே அவர் உடம்பிலும் வலிக்க வேண்டும் என்பது சட்டம். அது வந்தபிறகு அடிபட்ட பிள்ளையை யாரும் ஆடச்சொல்லி விரட்டுவதில்லை. பெஞ்சில் இருப்பவர்களுக்கு மட்டும் வளையத்தில் இடமில்லை.

"வீட்டுலயும் தாரிகா தோளு, தாரிகா இடுப்புதான். என்னை ஒரு நாளாச்சும் கேட்டிருக்கியாம்மா?"

"உனக்கென்னடி, கல்லாட்டம் இருக்க."

இறுதி ஆட்டம் திண்டுக்கல்லோடு. ரெய்டு போன தாரிகாவின் கணுக்காலை அவர்கள் மடக்கிப் பிடிக்க, வெளியே நின்ற அம்மா தன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

"அவளை வெளிய எடுங்க! நறுமுகை, நீ இறங்கு!"

நறுமுகை கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு களத்தில் கால் வைத்தாள். அம்மா வலது முழங்காலைப் பிடித்தபடி தரையில் சரிந்தாள்.

"எப்ப இருந்துடி இது?"

"பொங்கல்ல இருந்து."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"தாரிகா சொல்லியா உனக்குத் தெரிஞ்சுது?"

ஆளை மாற்றச் சொல்லி அம்மாவின் கை உயர்ந்தது.

"கையை இறக்கும்மா," என்றாள் நறுமுகை. "கொஞ்ச நேரம் எனக்காகவும் வலிக்கட்டும்."