எஜமானி பேசுகிற இத்தாலியன்

கதவு படாரென்று திறந்தது. வகுப்பு முடிந்து கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்த இத்தாலிய மொழி வாத்தியார் திடுக்கிட்டுத் திரும்பினார். தையல்காரி மூச்சு வாங்க நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க சார், வீட்டை விட்டுக் கிளம்பவே முடியல. இன்னைக்கு ஒரே ஒரு வாக்கியமாவது கத்துக்கிட்டுத்தான் போகணும்."

"முதல்ல பழைய பாடம். 'அப்ரி லா ஃபினெஸ்த்ரா'?"

"ஜன்னலைத் திற."

"'லாவா இ பியாத்தி'?"

"தட்டைக் கழுவு."

"பரவாயில்லையே. இனிமே பதில் சொல்லப் பழகுங்க. 'சீ, சிஞ்ஞோரா.' சரிங்கம்மான்னு அர்த்தம்."

"அது வேண்டாம் சார். எஜமானி பேசுறது மட்டும் போதும்."

வாத்தியார் சிரித்துவிட்டார். "இத்தாலிக்கு வீட்டு வேலைக்குப் போறவங்க எல்லாரும் முதல்ல இந்த 'சரிங்கம்மா'வைத்தான் கேப்பாங்க. நீங்க விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே எஜமானி ஆயிட்டீங்களே."

அவள் சிரிக்கவில்லை.

"நான் எங்கயும் போகல சார். இருபது வருஷம் அங்க வீட்டு வேலை பார்த்தது எங்கம்மா. இப்ப ஞாபகமெல்லாம் போயிடுச்சு. என்னை அந்த வீட்டு எஜமானின்னே நினைச்சுக்கிட்டிருக்காங்க. விடிஞ்சதிலிருந்து கழுவின பாத்திரத்தையே கழுவுறாங்க, சாப்பிட உட்கார மாட்டேங்கிறாங்க. தமிழ்ல எவ்வளவோ கெஞ்சிட்டேன், ஏறவே இல்ல."

வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்தார். "என்ன சொல்லித் தரணும்மா?"

"'வேலையெல்லாம் முடிஞ்சுது, இனிமே நீ உன் பொண்ணுகிட்டப் போகலாம்'னு எஜமானி எப்படிச் சொல்வாங்க சார்?"