ஓய்வுக்கு உத்தரவு

"கடைசியா எப்ப நித்திரை கொண்டனீர்?"

குடல்வால் நோயாளிக்குக் கத்தி வைக்க ஒப்பரேஷன் அறைக்குள் நுழையப்போன பயிற்சி டொக்டர் கனகாம்பிகையை வாசலிலேயே மறித்தார் பெரிய டொக்டர் துரைராசா.

"முந்தநாள், சேர்."

"ரெண்டு நாள் நித்திரையில்லாமல் கத்தி பிடிக்கப் போறீரோ? வெட்டுறது மனிசரை, பூசணிக்காயை இல்லை! போய்ப் படும். கண்டியிலிருந்து வேறை டொக்டர் வாறார்."

கனகாம்பிகையால் நம்ப முடியவில்லை. போன கிழமை ஒரு மணி நேரத் தூக்கத்துக்குக் கெஞ்சியபோது, "நாங்கள் மூண்டு நாள் நித்திரையில்லாமல் நிண்டு படிச்சனாங்கள்" என்று எரிந்து விழுந்தவர் இவர்தான்.

அறைக்குப் போய்த் தலை சாய்த்தாள். உடனே கதவு தட்டப்பட்டது. ஆஸ்பத்திரி ஏவலாள் பழனியாண்டி.

"டொக்டரம்மா, பெரியய்யா ஒங்கள வரச் சொன்னாருங்க. கண்டி டொக்டரு வந்து சேர மூணு மணித்தியாலம் ஆவுமாம். அதுக்குள்ள, எங்க தோட்டத்து லயத்துல இருக்கிற, தேயிலைக் கொழுந்தெடுக்கிற மீனம்மாவோட வயித்து ஒப்பரேஷன நீங்க முடிச்சிரணுமாம்."

"அப்ப கண்டி டொக்டர் ஆருக்கு?"

"பெரியய்யாவோட சம்சாரத்துக்குங்க. அந்தக் குடல்வால் நோயாளி அவங்கதானுங்க."

கனகாம்பிகை செருப்பைக்கூட மாட்டாமல் எழுந்தாள்.

"வாங்கோ பழனியாண்டி. மீனம்மா மனிசியோ, பூசணிக்காயோ எண்டு அவரிட்டையே கேப்பம்!"