மடங்கிய முனை

வருஷத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்துப் போதகர் நீட்டினார். இந்த வருஷம் முழுக்க ஆண்டவர் தரும் வார்த்தை. ஆளுக்கு ஒன்றுதான் எடுக்க வேண்டும். ஜெபக்கனியின் மார்புக் கட்டிப் பரிசோதனை முடிவு மறுநாள் வரவிருந்தது. அட்டையொன்றை இறுக்கிப் பிடித்து இழுத்தாள். எடுத்த அட்டையின் முனை மடங்கிப்போனது. தண்ணீர்களைக் கடக்க நேரும் என்று அது தொடங்கியது. மேலே படிக்கவே பயந்து, போதகர் அந்தப்பக்கம் திரும்பிய நேரத்தில் அதைத் தட்டிலேயே செருகிவிட்டு வேறொன்றை எடுத்தாள். களஞ்சியங்கள் நிரம்பும் என்றது அது. மூச்சு விட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"யக்கா, கண்ணாடிய வீட்ல வச்சிட்டு வந்துட்டேன். இத கொஞ்சம் வாசிங்களேன்."

பின்னாலேயே வந்த வயலட் தன் அட்டையை நீட்டினாள். கப்பல் வேலைக்குப் போன அவள் மகனிடமிருந்து ஒரு மாதமாகத் தகவல் இல்லை. அட்டையின் முனை மடங்கியிருந்தது.

வயலட் முக்காட்டை இழுத்துவிட்டு, கண்ணை மூடிக் காத்து நின்றாள். வேறு வழியில்லாமல் ஜெபக்கனி அந்தத் தண்ணீர் வரியை வாசித்தாள். வயலட் அசையவில்லை. அடுத்த வரியில், அப்போது நானும் உன்னோடு இருப்பேன் என்றிருந்தது. ஜெபக்கனி அதையும் வாசித்தாள்.

"கூட இருக்காராம்லா. போதும்க்கா." வயலட் கன்னத்தைத் துடைத்தாள். "ஒங்களுக்கு என்ன வார்த்த வந்துச்சு?"

கைக்குள் களஞ்சியம் வியர்வையில் நனைந்து கசங்கியது.

"எனக்கும் இதான் வந்துச்சு."

"அப்ப ரெண்டு பேருக்கும் சேத்து இன்னொரு தடவ வாசிங்க."

தலையைத் தூக்காமல் ஜெபக்கனி முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.