அதே மாதிரி சிரி

லாக்கர் கதவிடுக்கில் ஒரு ரிப்பன் நுனி எட்டிப் பார்த்தது. காலையில் இஃப்ரா பூட்டிவிட்டுப் போனபோது அது இல்லை.

திரும்பிப் பார்த்தாள். வராந்தாவின் கோடியில் ஓட்ட அணிப் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்துகொண்டு நின்றார்கள். எல்லார் கையிலும் போன். எல்லா போனையும் அவளைப் பார்த்துத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.



கை தானாகத் தாடைக்குக் கீழே போனது. முக்காட்டின் ஊக்கு இருந்தது. அதற்குக் கீழே குத்திய இன்னொன்றும் இருந்தது.

போன வசந்தத்தில் ஹிபோ ஒன்றுதான் குத்தியிருந்தாள்.

மினியாபொலிஸைத் தாண்டிய இந்தப் புறநகரில் சோமாலிக் குடும்பங்களே நாலைந்துதான். பள்ளிக்கூடத்தில் முக்காடு போட்டவர்கள் இவளும் ஹிபோவும் மட்டும். அப்போது ஓட்ட அணியில் இருந்த ஹிபோ கேன்டீனில் தட்டோடு நடந்து போகையில் பின்னாலிருந்து ஒரு கை துணியைப் பிடித்து இழுத்தது. அவள் தலையைப் பொத்திக்கொண்டு அலறியதை அன்று மத்தியானமே பள்ளி முழுவதும் போனில் பார்த்துச் சிரித்தது. இழுத்தது யார் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லையாம். அத்தனை போனைத் தூக்கிப் பிடித்திருந்தும் தெரியவில்லையாம்!

பிரின்சிபல் எல்லாரையும் கூட்டி, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்றார். குடும்பம் கைதட்டியது. அடுத்த வாரமே ஹிபோ ஒஹாயோவில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்கப்புறமும் இஃப்ரா இந்த ஆகஸ்டில் ஓட்ட அணியில் சேர்ந்தாள். அம்மாவிடம் மன்றாடித்தான் சேர்ந்தாள். உனக்கு ஏதாவது ஒன்று நடந்தால் ஓட்டமும் கிடையாது, இந்தப் பள்ளிக்கூடமும் கிடையாது என்று அம்மா முடிவாகச் சொல்லியிருந்தாள். ஓடும்போது மட்டும்தான் இந்த ஊர் தன்னுடையது என்று இஃப்ராவுக்குத் தோன்றும். அதை எப்படி விடுவது?

நாளைக்குப் பெரிய பந்தயம். பந்தயத்துக்கு முந்தின நாள், ஓடப் போகிறவளுக்குத் தெரியாமல் அவள் லாக்கரைத் தோழிகள் அலங்கரிப்பது இந்த அணியின் வழக்கம். நேற்று இவளே கோர்ட்னியின் கதவில் பலூன் கட்டினாள். ஆனால் மற்றவர்களுக்கெல்லாம் கதவுக்கு வெளியே, ஊர் பார்க்க ஒட்டியிருந்தது. இவளுக்கு மட்டும் ஏன் உள்ளே?

பூட்டின் நம்பர் கேப்டன் பிரினுக்குத்தான் தெரியும். போன மாதம் என்னவோ சாக்குச் சொல்லிக் கேட்டு வாங்கினாள். அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

உள்ளே என்ன இருக்கும்? அழுகின வாழைப்பழமா, பன்றி இறைச்சியா? திறந்ததும் அவள் முகம் போகிற போக்கைப் பிடிக்கத்தானே இத்தனை போன். திறக்காமல் போய்விடலாம். போனால் நாளைக்கு யாரோடு ஓடுவது?

“ஏய், தொறந்து தொலைடி! கை வலிக்குது!” பிரின் கத்தினாள்.

இஃப்ரா மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவை இழுத்தாள்.

நீலமும் தங்கமுமாகக் காகிதச் சுருள்கள் அவள் தோளில் கொட்டின. தட்டு நிறைய மிட்டாய். பன்றிக் கொழுப்பு சேராதது என்று எழுதியிருக்கும் கவர்களாகத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தார்கள். கதவின் உட்பக்கம் பெரிய அட்டை. அதில் ஜிகினாவால் அவள் பெயர். ஆசிரியர்களே தப்பாக எழுதும் அவள் பெயர், ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தது.

பெண்கள் ஹோவென்று கத்திக்கொண்டு ஓடி வந்து கட்டிப் பிடித்தார்கள்.

“வெளிய ஒட்டினா எந்த மூதேவியாவது கிழிச்சுப் போட்ரும்னு உள்ள ஒட்டினோம்டி,” என்றாள் பிரின்.

இஃப்ராவுக்கு அழுகை வந்துவிட்டது. இவர்களையா சந்தேகப்பட்டோம் என்று வெட்கமாக இருந்தது. அம்மாவிடம் சொல்ல வேண்டும், இன்றைக்கே சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அட்டையை மறுபடி பார்த்தாள்.

பெயருக்குக் கீழே ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. எல்லைக் கோட்டைத் தாண்டின சந்தோஷத்தில் கையைத் தூக்கிக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, முக்காடு போட்ட ஒரு பெண். முன்பல் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி.

இஃப்ரா பல்லுக்குக் கம்பி போட்டு இரண்டு வருஷமாகிறது. போன வருஷம் அவள் அணியிலேயே இல்லை.

போன வருஷம் முழுக்க ஹிபோவுக்குப் பக்கத்தில் ஓடியவள் பிரின்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். தோளில் இன்னும் யாரோ சாய்ந்திருந்தாள். யாரோ அவள் கையில் மிட்டாயைத் திணித்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

பிரின் அட்டையைக் கழற்றி அவளிடம் நீட்டினாள். “மூஞ்சிக்குப் பக்கத்துல வெச்சுப் பிடி. அதுல சிரிக்கிற மாதிரியே சிரி. நம்ம அணியோட ஆன்லைன் பக்கத்துல போடணும்.”

இஃப்ரா பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். கம்பி முழுசும் தெரியும்படி நன்றாகச் சிரித்தாள். யாராவது ஒருத்தி போனைக் கீழே இறக்குவாள் என்று பார்த்தாள். கன்னம் வலிக்கிற வரைக்கும் பார்த்தாள்.

“சூப்பர்டி! அப்படியே இருக்கு!”

அணிப் பக்கத்தில் வருவதையெல்லாம் ஹிபோ ஒஹாயோவிலிருந்து இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் இதையும் பார்ப்பாள். அட்டைப் படத்தில் இருப்பது யார் என்று இவளைத் தவிர அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.