ஒரு கம்ப்ளேன் கூட இல்லலா!

எங்க தாமான் குடியிருப்புக்காரங்க மாதிரி கஞ்சனுங்கள ஈப்போவுல நீங்க எங்கேயும் பார்க்க முடியாது.

என்னை ஜெலாப்பாங் தொழிற்சாலையில ஆள் குறைப்புன்னு வீட்டுக்கு அனுப்பி மூணு மாசம் ஆச்சு. கம்ப்யூட்டர் பிரிவுல இருவது வருசம் குப்பை கொட்டினவன் நான். முதல் மாசம் குளிக்காம, சவரம் பண்ணாம சோபாவுலேயே கிடந்தேன். தாமானே கோத்தோங் ரோயோங்னு ஒண்ணா சேர்ந்து, அடைச்சுக் கிடந்த லொங்காங் சாக்கடையைச் சுத்தம் பண்ணப்பக்கூட நான் கதவைத் தொறக்கல.

மறுநாள் காலையில எதிர்வீட்டு முத்தம்மா அக்கா வந்து நின்னாங்க. கையில எட்டு வருசத்துப் பழைய போன்.

"தம்பி, இது ஆமை மாதிரி நகருது. ஏதாச்சும் பண்ணுங்களேன்."

வேற எவனா இருந்தாலும் தூக்கிப் போடச் சொல்லியிருப்பான். நான்தான் பெரிய மேதையாச்சே!

"லினக்ஸ்னு புது சிஸ்டம் போட்டுத் தாரேன் அக்கா. புதுசாட்டம் ஓடும்."

"விக்ஸா? போனுக்குமா சளி புடிக்கும்?"

லினக்ஸ்னா என்னன்னு அரை மணி நேரம் விளக்கினேன். அக்கா தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுட்டு, "சரி, அந்த விக்ஸையே தடவுங்க"ன்னுட்டுப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் பாருங்க, ஆள் மாத்தி ஆள் வர ஆரம்பிச்சிட்டாங்க. வாத்தியார் வயிரவன் வந்தாரு. முனை வீட்டு முகமது இப்ராஹிம் அண்ணனுக்கு ரெண்டு சாப்பாட்டுக் கடை இருக்கு. அவரு கண்ணாடி ஒடைஞ்ச போனத் தூக்கிட்டு வாராரு!

"வாசல்ல ரெண்டு காரு நிக்குது. ஒரு புதுப் போன் வாங்க மனசு வரல பாரு!"ன்னு என் மனைவி தினேஸ்வரிகிட்ட பொருமினேன்.

அவ காதுலயே போட்டுக்கல. சமையலறைக் காலண்டர்ல வீட்டு நம்பர் எழுதிக்கிட்டிருந்தா. திங்கள் 14-ஆம் வீடு, புதன் 22-ஆம் வீடு. தீபாவளி வருதே, முறுக்கு ஆர்டர்.

கஞ்சனுங்களா இருந்தா என்ன, காலையில எட்டு மணிக்குக் குளிச்சு, சவரம் பண்ணி மேசையில உட்கார்ந்துடுவேன். ஒம்பது போனுக்கு லினக்ஸ் போட்டேன். ஒரு கம்ப்ளேன் கூட இல்லலா! கர்வம் தலைக்கு ஏறிடுச்சு.

அந்தத் தெம்புல நேத்து என்னோட பழைய போனுக்கும் போட்டேன். சிம்மை மாட்டி, தினேஸ்வரிக்கு அடிச்சேன்.

போகல.

மறுபடி அடிச்சேன். ம்ஹூம். அப்புறம்தான் அந்த லினக்ஸோட குறிப்பை முதல் தடவையா ஒழுங்கா படிச்சேன். கடைசி வரியில போட்டிருந்தான்: 'பேசும் வசதி இன்னும் தயாராகவில்லை.'

அட கடவுளே! ஒம்பது போன்லயும் இதைத்தானே போட்டிருக்கேன்! திரை பளிச்சுன்னு வந்ததும் நீட்டிட்டேனே தவிர, ஒண்ணுலயாவது பேசிப் பார்த்தேனா? இருவது வருச அனுபவம், மண்ணாங்கட்டி!

முத்தம்மா அக்கா நெஞ்சுவலிக்காரங்க, தனியா இருக்காங்க. அவசரம்னா யாரை எப்படிக் கூப்பிடுவாங்க? சிலிப்பரை மாத்திப் போட்டுக்கிட்டு ஓடினேன்.

அக்கா வாசல்ல உட்கார்ந்து, தஞ்சோங் மாலிம்ல இருக்கிற மககிட்ட போன்ல சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தாங்க. கையில பளபளன்னு புதுப் போன். நான் லினக்ஸ் போட்டது உள்ளே கண்ணாடி அலமாரியில, பீங்கான் கிண்ணங்களுக்கு நடுவுல பத்திரமா இருந்துச்சு.

என்னைப் பார்த்ததும் புதுப் போனைச் சேலைக்குள்ள மறைக்கப் பார்த்தாங்க.

"எப்ப வாங்கினீங்க அக்கா?"

"போன வருசமே மக வாங்கிக் குடுத்துட்டா தம்பி."

"அப்ப மத்த எட்டுப் பேரு?"

அக்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க.

"அன்னிக்கு கோத்தோங் ரோயோங்ல, 'அவரு குளிக்கக்கூட மாட்டேங்குறாரு அக்கா'ன்னு தினேஸ்வரி எங்க எல்லார் முன்னாலயும் அழுதுருச்சு. வீட்டுக்கு வீடு மேசைக்குள்ள ஒரு பழைய போன் கிடக்கத்தானே செய்யுது? ஒரே நாள்ல எல்லாரும் வந்தா உங்களுக்குச் சந்தேகம் வந்துடும்ல?"

எங்க வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாங்க.

"உங்க வீட்டுக் காலண்டர்ல தினேஸ்வரி எழுதி வச்சிருக்கறது முறுக்கு ஆர்டர் இல்ல தம்பி."